கொல்லைப்புறத்திலிருந்து பாருங்கள்

சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய வீடுகளில் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தை உற்றுப் பார்த்தால், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே நகக்கண் அளவில் வெள்ளையாக ஏதோ தெரியும். சிப்பி ஓடு. சூளையில் முழுதாக வேகாமல் கலவையோடு கலந்துவிட்ட துண்டு. அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடையே கடலை நோக்கி நீண்டு கிடக்கிற ஊர் இது. 1670இல் ஆங்கிலேயர் வந்து குடியேறினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஆற்றின் மறுகரையிலிருந்து இன்றைய இடத்துக்கு ஊரை மாற்றிக்கொண்டார்கள். வீடு கட்ட வெட்டியெடுக்கப் பக்கத்தில் மலையோ பாறையோ கிடையாது. உப்பங்கழியெங்கும் சிப்பி. பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவிட்டுக் குவித்த சிப்பி மேடுகளும் கரையோரம் இருந்தன. அவற்றை அள்ளிவந்து சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துக் கட்டியவைதான் இந்தச் சுவர்கள்.

அந்தக் காரையைப் பழுது பார்ப்பது என் தொழில். செங்கல் இடுக்குகளில் செத்துப்போன கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே குணமுள்ள புதுக்கலவையை வைத்து அடைக்க வேண்டும். நம்மூர்க் கொத்தனார்கள் பாயிண்டிங் என்று சொல்லும் வேலைதான். வேதாரண்யம் பக்கம் கிளிஞ்சல் சூளைப் புகையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், கடற்சிப்பி சுண்ணாம்பாகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதே புழுக்கம், அதே உப்புக்காற்று, அதே சரக்கு. ஆனால் யார் கட்டிய சுவர் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கம் இந்த ஊருக்கு வந்த பிறகு வந்தது.

வாண்டோ, கூப்பர் ஆற்றங்கரைத் தோட்டங்களில் களிமண் எடுத்துச் செங்கல் அறுத்தவர்களும், அதைச் சுட்டவர்களும், படகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு விற்கப்பட்டவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். சுவரை எழுப்பிய கொத்தர்களிலும், உத்தரம் ஏற்றிய தச்சர்களிலும், பூச்சு வேலைக்காரர்களிலும் மிகப் பலர் அவர்களே. எஜமானின் பெயர் வீட்டு வாசலில் பித்தளையில் இருக்கிறது. இவர்களுடைய கையெழுத்து செங்கல்லில் இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த பச்சைச் செங்கல்லைக் காயவைக்கத் தூக்கும்போது விரல் பதிந்துவிடும்; சூளையில் வெந்ததும் அந்தப் பள்ளம் அப்படியே நின்றுவிடும். கல் சுமந்தவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. ஒரு சமையல்கட்டுச் சுவரில் நான் காரை சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒரு செங்கல்லின் முகத்தில் மூன்று விரல் தடம் வரிசையாக இருந்தது. என் சுண்டுவிரலைக்கூட அதற்குள் முழுதாக வைக்க முடியவில்லை.

அந்தக் கல்லின் ஒரு மூலை பொரிந்து உதிர்ந்திருந்தது. மாற்றிவிடலாம் என்பது பொறியாளரின் யோசனை. எங்கள் குழுவின் மூத்த கொத்தனார், தலைமுறைகளாக இந்த ஊரிலேயே செங்கல் வேலை செய்யும் கறுப்பினக் குடும்பத்துப் பெரியவர். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கல்லை எடுத்தால் நாம் எதற்கு இங்கே வந்தோம்?" என்றார். உதிர்ந்த மூலையை மட்டும் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டினோம். கல் அதே இடத்தில் இருக்கிறது.

வேலை முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வீடு இன்னும் நூறாண்டு நிற்பதும் சரிவதும் இங்கேதான் முடிவாகிறது. முதலில் பழைய கலவையில் ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறோம். நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோகும். அடியில் மணல் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்துச் சலித்தால் பெருமணல் எவ்வளவு, நுண்மணல் எவ்வளவு, என்ன நிறம் என்று தெரியும். சிப்பித் துண்டும் அமிலத்தில் கரைந்துவிடும் என்பதால் கரைக்கும் முன்பே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர்கள், பழைய கலவையில் இருந்ததைவிட அதிகச் சுண்ணாம்பு இருந்ததாகக் கணக்கிட்டுவிடுவார்கள். பிறகு அதற்கு ஒத்த மணலைத் தேடி அலைவது. சுவரின் நிறம் என்று நாம் தூரத்திலிருந்து பார்ப்பதில் பாதி, மணலின் நிறம்.

இடுக்கைச் சுரண்டுவது உளியும் சிறு சுத்தியலும் கொண்டுதான். கட்டிங் மெஷின் வைத்தால் ஒரு நாளில் முடியும் வேலைக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். இந்தச் செங்கற்கள் ஒரே அளவில் வார்த்தவை அல்ல. இடுக்கு வளைந்து நெளிந்து போகும். நேர்கோட்டில் மட்டுமே ஓடத் தெரிந்த சக்கரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சூளையில் வெந்த மேல்தோல் போனால் உள்ளே இருக்கும் மென்மையான மண் மழைக்கு நிற்காது. இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரை எடுத்த பின், தூசியை ஊதித் தள்ளி, சுவருக்குத் தண்ணீர் காட்டி, கலவையை அடுக்கடுக்காகத் திணிக்க வேண்டும். ஒரே மூச்சில் அடைத்தால் சுருங்கிப் பிளக்கும். பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும், நாள் வேண்டும். சார்ல்ஸ்டனின் ஜூலை வெயிலில் சாக்கை நனைக்க ஒரு ஆள் தனியாக இருப்பார். அந்த ஆள் தூங்கினால் அந்தச் சுவர் போயிற்று.

இவ்வளவும் எதற்கு, சிமென்ட் பூசினால் ஆயுசுக்கும் நிற்குமே என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. வட கரோலினாவிலிருந்து காரில் வந்திருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று ஒருநாள் சாரத்துக்குக் கீழே நின்றது. எங்கள் பேச்சில் தமிழ் அடிபட்டதும் அந்த அம்மா உரிமையோடு கேட்டார்: "ஏன் தம்பி, இவ்வளவு மெனக்கெடறதுக்கு நல்ல சிமென்ட் வெச்சு ஒரே பூச்சாப் பூசிட்டா என்ன? ஊர்ல எங்க வீட்டுக்கு அப்படித்தான் பண்ணினோம்."

"பூசின பிறகு சுவர் கீழ்ப்பக்கம் உப்புப் பூத்துதா அம்மா?"

"ஆமாப்பா! எந்தப் பெயின்ட் அடிச்சாலும் உரிஞ்சு வருது."

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பழைய செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் வெளியேற ஒரு வழி வேண்டும். சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளை நிறைந்தது. ஈரம் அதன் வழியே வெளியே போய் ஆவியாகும், கூடவே வரும் உப்பும் அதிலேயே படிந்து, காலப்போக்கில் கலவைதான் உதிரும். செருப்பின் அடித்தோல் தேய்ந்து காலைக் காப்பதுபோலத் தான் தேய்ந்து கல்லைக் காப்பது அதன் வேலை. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தை விடாது. வழி அடைபட்ட ஈரம் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கும். சில பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால் சிமென்ட் வலைபோலச் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் செங்கல் குழிந்து போயிருக்கும். இந்த ஊரின் பல சந்துகளில் அப்படிப்பட்ட சுவர்கள் இருக்கின்றன. கட்டியவர்களின் விரல் தடம் தாங்கிய கற்கள் அப்படித்தான் பொடியாகிப் போயின. கடலோரத்தில், உப்புத் தண்ணீர் தெருவுக்கு ஏறிவருகிற ஊரில், அந்தச் சேதம் இன்னும் வேகமாக நடக்கிறது.

இங்குள்ள வீட்டின் அமைப்பை ஒரு முறை புரிந்துகொண்டால் தெருவில் நடப்பதே ஒரு படிப்பாகிவிடும். ஓர் அறை அகலமே உள்ள ஒடுங்கிய வீடு; குறுகிய பக்கம் தெருவைப் பார்க்கும், நீளம் உள்ளே போகும். ஒரு பக்கத்தை ஒட்டி மாடிக்கு மாடி நீளத் தாழ்வாரம். அதைப் பியாட்ஸா என்கிறார்கள். கடற்காற்று பிடிக்கத் தெற்கோ மேற்கோ பார்த்து அது அமையும். தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டோம், தாழ்வாரத்துக்குத்தான் போவோம்; வீட்டின் வாசல் அதன் நடுவில் இருக்கும். தாழ்வாரக் கூரையின் அடிப்பக்கம் பல வீடுகளில் வெளிர்நீலம். இந்தக் கடற்கரையில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் நம்பிக்கைப்படி அந்த நீலம் பேய்களை அண்டவிடாது. வெளிச்சுவரில் ஆங்காங்கே வட்டமாகவோ, சிலுவை வடிவிலோ, சில வீடுகளில் சிங்க முகமாகவோ இரும்புத் தகடு தெரியும். அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். 1886 ஆகஸ்ட் 31ஆம் தேதி இரவு வந்த நிலநடுக்கம் இந்த ஊரைக் குலுக்கியெடுத்தபின், பிரிந்துபோன சுவர்களை இழுத்துப் பிடிக்க வீட்டுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஓட்டி முறுக்கினார்கள். அந்தக் கம்பியின் முனைதான் தகடு. இன்னொரு பெரிய நிலநடுக்கம் வந்தால் அவை உதவுமா என்பதில் பொறியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் அவற்றை எடுக்க மாட்டேன். அந்த இரவுக்குப் பின்னும் இங்கேயே இருப்பது என்று ஊர் எடுத்த முடிவு அந்த இரும்பில் இருக்கிறது.

இவ்வளவு வீடுகள் எப்படித் தப்பின? முதல் காரணம் வறுமை. உள்நாட்டுப் போரில் தோற்று, அடிமை முறை ஒழிந்து, நெல்லும் பருத்தியும் தந்த பணம் வற்றிய பிறகு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட இங்கே யாரிடமும் காசு இல்லை. இருபதாம் நூற்றாண்டில் பணம் எட்டிப் பார்த்ததும் ஆபத்தும் வந்தது. மோட்டார் வண்டிகள் வந்தன, பெட்ரோல் பங்குகள் வந்தன. 1803இல் எழுந்த ஜோசப் மேனிகால்ட் மாளிகையின் தோட்டத்திலேயே ஒரு பங்க் உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் அருங்காட்சியகங்களும் பழம்பொருள் வியாபாரிகளும் வீடுகளுக்குள்ளிருந்து மரவேலைப்பாடுகளைப் பெயர்த்து வாங்கினார்கள். 1772ஆம் ஆண்டுக் கர்னல் ஜான் ஸ்டூவர்ட் வீட்டின் அறைகள் இன்று மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அங்கே நன்றாகத்தான் பராமரிக்கிறார்கள். ஆனால் அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே இப்போது பனி பெய்கிற ஊர். கடற்காற்றுக்காக வைத்த ஜன்னல் அது.

மேனிகால்ட் மாளிகையை இடித்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, 1920இல் சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் என்ற பெண்மணி ஊர்க்காரர்களைக் கூட்டிப் பழைய வீடுகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சொந்தமாக நில விற்பனைத் தொழில் செய்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். 1931இல் நகராட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. பழைய பகுதி ஒன்றை வரையறுத்து, அதற்குள் வெளித்தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் ஒரு குழுவின் அனுமதி வேண்டும் என்றது. அமெரிக்காவில் ஒரு வட்டாரம் முழுவதையும் பாதுகாக்கும் சட்டம் அதற்கு முன் எந்த நகரத்திலும் இல்லை. 1947இல் தொடங்கிய சார்ல்ஸ்டன் வரலாற்று அறக்கட்டளை, பாழடைந்த வீடுகளை வாங்கி, செப்பனிட்டு, நிபந்தனையோடு விற்று, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்குகிற சுழல்நிதி முறையை ஆன்சன்பரோ பகுதியில் நடத்திக் காட்டியது. பிற நகரங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது பாதிக் கதை. வீடுகள் தப்பின, அந்த வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்த கறுப்பின மக்களில் பலர் வெளியேற வேண்டியிருந்தது. வாடகை ஏறியது, வரி ஏறியது. இந்தச் சுவர்களைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வெளியே போய், இங்கே வேலைக்கு மட்டும் வந்துபோனார்கள். இன்றும் அப்படித்தான் வந்துபோகிறார்கள், எங்கள் மூத்த கொத்தனாரும் பாலம் தாண்டித்தான் வருகிறார். கட்டடத்தைக் காப்பதற்கு நாம் போட்ட சட்டங்கள் ஒழுங்காக வேலை செய்தன; அதில் வாழ்ந்தவர்களைக் காப்பதற்கு எந்தச் சட்டமும் போடவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

காட்சிக்குத் திறந்திருக்கும் வீடுகளை இருவகையாகப் பராமரிக்கிறார்கள். ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் வந்ததையெல்லாம் நீக்கி, நிறமும் மரச்சாமானும் அந்தக் காலத்துக்கே கொண்டுபோவது ஒரு வகை. 1808இல் முடிந்த நதானியல் ரஸல் இல்லம் அதற்குச் சிறந்த சான்று. எந்தச் சுவரிலும் சாயாமல் மூன்று மாடிக்குச் சுழன்று ஏறுகிற நீள்வட்டப் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, அந்தத் தச்சர்களுக்கு எத்தனை வணக்கம் வைத்தாலும் தகும். மற்ற வகை, கிடைத்த நிலையிலேயே காப்பது. எலிசபெத் தெருவிலுள்ள எய்க்கன் ரெட் இல்லம் அப்படி. 1820இல் ஒரு வணிகர் கட்டியது. பின்னர் மாநில ஆளுநராக இருந்த வில்லியம் எய்க்கனுக்கு வந்தது. அவருடைய வழித்தோன்றல்கள் 1975 வரை வைத்திருந்தார்கள். வேண்டாத அறைகளைப் பூட்டிப்போட்டுவிட்டு, வேண்டிய அறைகளில் மட்டும் வாழ்ந்தார்கள். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுவர்க்காகிதம் சுவரிலேயே கிழிந்து தொங்குகிறது. வண்ணம் அடுக்கடுக்காக உரிந்து நிற்கிறது.

முதல்முறை வருபவர்கள், பராமரிக்கப் பணம் இல்லை போலிருக்கிறது என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் இதுதான் கடினமான பராமரிப்பு. புது வண்ணம் அடிப்பது எளிது. உரிந்து நிற்கும் வண்ணத்தை உரிந்த நிலையிலேயே, அதற்கு மேல் ஒரு செதில்கூட விழாமல் நிறுத்துவதற்கு, ஒவ்வொரு செதிலின் அடியிலும் ஊசியால் பசை செலுத்தி ஒட்ட வேண்டும். கூரை ஒழுகக்கூடாது, ஆனால் கூரையைச் சரிசெய்தது உள்ளே தெரியவும் கூடாது. எதையும் செய்யாமல் கையைக் கட்டிக்கொள்வதற்கு இவ்வளவு வேலை தேவைப்படுகிறது. எனக்கு இந்த வகைதான் பிடிக்கும். ஒரு காலத்துக்குத் திருப்புகிறபோது, அந்தக் காலத்துக்குப் பின் வாழ்ந்தவர்களை நாம் அழித்துவிடுகிறோம். எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதும் பெரும்பாலும் எஜமானின் செல்வம் உச்சத்தில் இருந்த காலமாகத்தான் அமைகிறது.

எய்க்கன் ரெட் இல்லத்தின் உண்மையான செல்வம் பின்கட்டில் இருக்கிறது. உயர்ந்த மதில் சூழ்ந்த நீண்ட முற்றம். ஒரு பக்கம் சமையலறையும் துணி வெளுக்கும் இடமும், எதிர்ப்பக்கம் குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும், கடைசியில் கழிப்பிடங்கள். சமையலறைக்கு மேல்மாடியில் வரிசையாக அறைகள். இந்த வீட்டை நடத்திய அடிமைப்பட்ட மக்கள் அங்கேதான் படுத்து எழுந்தார்கள். ஆன் கிரெக்ஸ், அவர் மகன் ஹென்ரி. டார்கஸ் ரிச்சர்ட்சன், சாம்போ ரிச்சர்ட்சன், அவர்களுடைய பிள்ளைகள். வில், ஜேக்கப் என்ற இரண்டு தச்சர்கள். இந்தப் பெயர்கள் ஏட்டில் கிடைத்திருக்கின்றன. கீழே நாள் முழுக்க எரிகிற அடுப்பு; அந்த வெக்கை மேலே ஏறிவரும். கோடையில் அந்தத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது. மதில் ஏன் இவ்வளவு உயரம் என்று குழந்தைகள் கேட்பார்கள். வெளியாள் உள்ளே வராமல் இருக்க என்று பெரியவர்கள் சொல்வார்கள். உள்ளிருப்பவர் வெளியே போகாமல் இருக்கவும் அது உதவியது.

ரஸல் இல்லத்தின் சமையல்கட்டிலும் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. பிற்காலப் பூச்சுகளையும் பலகைகளையும் நீக்கி ஆராய்ந்தபோது சுவருக்குள் எலி வளைகள் இருந்தன. எலிகள் இழுத்துவந்து சேர்த்த துணித் துண்டுகள், பொத்தான்கள், எலும்புகள், காகிதங்கள் எல்லாம் கெடாமல் கிடந்தன. அவற்றுள் ஒன்று, எழுத்துப் படிக்கிற பாடப்புத்தகத்தின் கிழிந்த தாள். இந்த மாநிலத்தில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை 1740ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது; 1834இல் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் குற்றமானது. அந்தத் தாளை யார் வைத்திருந்தார்கள், எந்த விளக்கொளியில் பார்த்தார்கள் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. சுத்தமாக இடித்துப் பூசிப் புதுப்பித்திருந்தால் அந்தத் தாள் குப்பை லாரியில் போயிருக்கும். பழைய வீட்டில் வேலை செய்கிற இளைஞர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: சுவரைத் திறந்தால் அவசரப்பட்டுக் கூட்டிப் பெருக்காதீர்கள். தூசியையும் சலித்துப் பாருங்கள்.

கைகளைப் பற்றிச் சொல்லும்போது ஃபிலிப் சிம்மன்ஸைச் சொல்லாமல் போக முடியாது. 1912இல் பிறந்த கொல்லர். அடிமையாகப் பிறந்த ஒரு பெரியவரின் பட்டறையில், பதின்மூன்று வயதில் வேலை பழகினார். குதிரை லாடமும் வண்டிச் சக்கரமும் வழக்கொழிந்ததும் அலங்கார இரும்பு வேலைக்கு மாறி, இந்த ஊரின் வாசல் கதவுகளையும் கிராதிகளையும் நூற்றுக்கணக்கில் செய்தார். பாம்பும் மீனும் கொக்கும் இரும்பில் வளைந்தன. 1982இல் நாட்டின் உயரிய மரபுக்கலை விருதைப் பெற்றார், 2009இல் மறைந்தார். தெருவில் நடக்கும்போது கதவுகளைத் தொட்டுப் பாருங்கள். நல்ல பட்டறை வேலையில் பற்றவைப்பின் தழும்பு தெரியாது, சம்மட்டியின் மெல்லிய அடி தெரியும்.

1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அடித்து ஆயிரக்கணக்கான கூரைகளைப் பிய்த்துப் போட்டபோதுதான், பழைய முறையில் ஓடு வேயவும் காரை பூசவும் இரும்பு வளைக்கவும் தெரிந்தவர்கள் எத்தனை குறைவு என்று ஊருக்கு உறைத்தது. அந்தக் குறையிலிருந்து பிறந்தது அமெரிக்கக் கட்டடக் கலைகள் கல்லூரி. கல், தச்சு, பூச்சு, இரும்பு என்று ஏதாவது ஒரு கைத்தொழிலோடு பட்டமும் வாங்கலாம். முதலில் பழைய சிறைச்சாலைக் கட்டடத்தில் நடந்தது. இப்போது டிராம் வண்டிகள் நின்ற பழைய கொட்டகையைப் புதுப்பித்து அதில் நடக்கிறது. கைவேலையும் கணக்கும் வரலாறும் ஒரே வகுப்பில் கற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது, காரைக்குடியிலும் கும்பகோணத்திலும் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை கொத்தனார்களின் பிள்ளைகள் தொழிலை விடாமல் இருந்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடும்.

இனி வரப்போகும் பெரிய சிக்கல் தண்ணீர். துறைமுகத்தில் 1921 முதல் கடல்மட்டத்தை அளந்து வருகிறார்கள். அதன் பிறகு ஏறக்குறைய ஓர் அடி உயர்ந்துவிட்டது. பௌர்ணமி, அமாவாசை ஓதத்தின்போது மழையே இல்லாமல் தெருவில் உப்புத் தண்ணீர் நிற்கும். 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டும் அடுத்தடுத்து வெள்ளம் வந்தபின், பழைய வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி உயரமான அடித்தளத்தில் உட்காரவைக்க அனுமதி கொடுக்கத் தொடங்கினார்கள். முன்பு இதைக் கேட்டாலே மறுப்பார்கள். தெருவின் தோற்றம் கெடும், வாசற்படி நீளும் என்பது உண்மை. ஆனாலும் தூக்குவதே சரி என்பது என் கட்சி. உப்புநீரில் ஊறிய சுவருக்கு நான் எவ்வளவு நல்ல சுண்ணாம்பு வைத்தாலும் சில ஆண்டுகளில் மறுபடி வர வேண்டியிருக்கிறது. முன்வீட்டைத் தூக்கும் பணமுள்ளவர்கள் பின்கட்டுச் சமையலறையையும் பணியாளர் குடியிருப்பையும் தாழ்விலேயே விட்டுவிடுவதுதான் என் கவலை. முதலில் அழியப்போவது அவைதான். அனுமதி கொடுக்கும்போதே இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி நகராட்சியின் அனுமதிக் குழு கேட்க வேண்டும்.

சார்லட், அட்லாண்டா போன்ற ஊர்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு இங்கே நிறைய வருகின்றன. வந்ததும் ஈஸ்ட் பே தெருவில் வரிசையாக வண்ணமடித்த பதின்மூன்று வீடுகளின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். படம் எடுங்கள், தவறில்லை. ஆனால் காலையில் வெயில் ஏறுமுன் எய்க்கன் ரெட் இல்லத்துக்குப் போய்விடுங்கள். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டி தருவார்கள், உங்கள் வேகத்தில் பார்க்கலாம். முற்றத்தையும் மேல்மாடி அறைகளையும் நிதானமாகப் பார்த்த பிறகு பெரிய வீட்டுக்குள் போங்கள். அன்றே ரஸல் இல்லத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் விளங்கும். மறுநாள், சால்மர்ஸ் தெருவில் அடிமைகளை ஏலம்விட்ட பழைய கட்டடத்துக்குப் போங்கள்; இப்போது அது அருங்காட்சியகம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்கள் வந்து நின்ற காட்ஸ்டன் துறையில் 2023இல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். நேரம் இருந்தால் ஊருக்கு வெளியே ஆஷ்லி ஆற்றங்கரையில் டிரேட்டன் ஹால். 1738இல் கட்டத் தொடங்கிய மாளிகை. ஒரே குடும்பத்தின் ஏழு தலைமுறை வைத்திருந்தும் உள்ளே மின்சாரமோ குழாயோ போடவில்லை. இப்போதும் வெற்று அறைகளாகவே காட்டுகிறார்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதைக் கட்டியவர்கள் யார்? அவர்கள் எங்கே படுத்தார்கள்? பதில் தயாராக இல்லாத இடத்தில், அடுத்த முறை தயாராக இருக்கும். பார்வையாளர்கள் கேட்டுக் கேட்டுத்தான் பல வீடுகளில் பின்கட்டுக் கதவுகள் திறந்தன. சுவரைப் பாருங்கள், செங்கல்லைச் சுரண்டாதீர்கள், சிப்பித் துண்டை நினைவுக்கென்று பெயர்த்து எடுத்துப் போகாதீர்கள். உங்கள் சொந்த ஊரில் தாத்தா கட்டிய சுண்ணாம்பு வீடு இன்னும் நிற்கிறதென்றால், அடுத்த மராமத்துக்குச் சிமென்ட் மூட்டை இறங்குமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு வேலை வேண்டும்.